பந்து உருண்டையான நாள்

புதுக் கணினியின் அகலத் திரையில் என் மனைவியின் பழைய விளையாட்டு சரியாக வரவில்லை. மட்டையால் பந்தைத் தட்டிச் செங்கல் உடைக்கும் விளையாட்டு. படம் திரை முழுக்க இழுபட்டதில் பந்து முட்டையாகத் தெரிந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன்: அகலம் பன்னிரண்டு மில்லிமீட்டர், உயரம் ஒன்பது.

"முட்டையா இருந்தாலும் செங்கல் உடையுதில்ல? விடுங்க" என்றாள்.

நான் விடவில்லை. எனக்கு வேறு காரணமும் இருந்தது. சுனாமிக்கு அடுத்த ஆண்டிலிருந்து அவள் போர்ட் பிளேரில் ஒப்பந்த ஆசிரியை. நிரந்தரப் பணித் தேர்வில் தேறியவர்களின் பட்டியல் அன்று காலை இணையத்தில் வருவதாக இருந்தது. டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு சாட்டிலைட் இணையம். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு பானை சோறு வெந்துவிடும். விளையாட்டு முழுத்திரையில் ஓடினால் பக்கம் வந்ததா என்று தெரியாது. வெளியே வந்து பார்த்தாலோ விளையாட்டு செத்துவிடும்.

முழுத்திரையை விட்டுச் சிறு சன்னலில் ஓடட்டும் என்று, விளையாட்டு ஐகானின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, டார்கெட் வரியின் கடைசியில் ஒரு சிறுகோடும் ‘விண்டோ’ என்ற சொல்லும் சேர்த்தேன். ஓடவில்லை. கோட்டுக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டேன். ஓடியது. இடப்பக்கம் சிறு சன்னலில் விளையாட்டு, வலப்பக்கம் பட்டியலுக்கான பக்கம், இன்னும் வெள்ளையாக. பந்து உருண்டை.

அவள் பந்தைப் பார்த்தாள். வெள்ளைப் பக்கத்தையும் பார்த்தாள்.

"இது கண்ணுல படக் கூடாதுன்னுதாங்க முழுசா வச்சு ஆடினேன்!"

பழைய காலண்டர் அட்டையை எடுத்துவந்து, இரண்டுக்கும் நடுவே தடுப்பாகப் பிடிக்கச் சொன்னாள். "நீங்க மட்டும் பாருங்க. இந்தக் கட்டம் முடியிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

கை வலிக்க நின்றேன். பக்கம் வரிவரியாக இறங்கியது. பதினேழாவது வரியில் அவளுடைய எண்.

"ஏங்க, சிரிக்கிறீங்க."

"இல்லையே."

"பல்லு தெரியுது. ஏக் மினிட், பேசாதீங்க."

மீதமிருந்த நான்கு செங்கல்லையும் உடைத்துவிட்டுத்தான் அட்டையை விலக்கினாள். ஹால் டிக்கெட்டை வைத்து ஒவ்வோர் இலக்கமாக இருவரும் இரண்டு முறை சரிபார்த்தோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது முறையும் பார்த்துவிடலாமே என்று நான் ரிஃப்ரெஷை அழுத்தினேன். பக்கம் மறுபடி வெள்ளையாகிவிட்டது.

"உங்களை என்னதான் பண்றது!" என்று அட்டையால் என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவள் அடுத்த கட்டத்தை ஆடத் தொடங்கினாள்.