போடியாரின் பசிக்குக் காவல்

ஆஸ்பத்திரி அட்டெண்டன் என்றால் கட்டில் தள்ளுகிறவன், சட்டி எடுக்கிறவன் என்றுதான் ஊர் நினைக்கிறது. உண்மையில் எங்கள் வேலையில் பாதி, பசித்துக் கிடக்கிற ஒருவருக்கு முன்னால் சோற்றுத் தட்டைக் கொண்டுபோய் அடுத்த கட்டிலில் வைப்பது. உங்களில் யாராவது வார்டில் வேலை பார்த்திருந்தால், அல்லது அந்தத் தட்டு உங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்தபடி படுத்திருந்தால், நான் சொல்வது விளங்கும். இரண்டு பக்கத்தாரும் பாவப்பட்டவர்கள்தான்.

இது ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஊரைக் கல்முனைக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். எனக்கு ஆண்கள் சத்திரசிகிச்சை வார்ட். குசினியிலிருந்து சாப்பாட்டை எடுத்துவந்து, கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். முழு டயட், அரை டயட், பால் டயட், ஒன்றுமில்லை என்று நான்கு வகை. எத்தனையோ பேருக்குக் கொடுத்தேன், எத்தனையோ பேருக்குக் கொடுக்காமல் விட்டேன். ஆனால் இத்தனை காலம் கழித்தும் உட்கார்ந்து யோசித்தால் ஒரே ஒரு நோயாளிதான் வந்து நிற்கிறார்.

மூட்டைத் தராசு

ஆதம்பாவாப் போடியார் சாய்ந்தமருதுக்காரர். எங்கள் பக்கத்தில் போடியார் என்றால் பெரிய வயல்காரர்; இவருக்கு நாவிதன்வெளிப் பக்கம் நிறைய வயல் இருந்தது. மனைவி மௌத்தாகிவிட்டார், சகீனா என்று ஒரே மகள். மகளுக்கு வீடு கட்டி முடித்து, மாப்பிள்ளையும் பேசி, நோன்புக்கு முந்திய மாதத்தில் கலியாணம் என்று நாளும் வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் வயிற்றுப் புண் முற்றிப்போனது. வெறும் வயிற்றில் எரியும், எதையாவது உள்ளே போட்டால் அடங்கும். ஆகவே எரிந்தபோதெல்லாம் சாப்பிட்டார், வருஷக் கணக்காகச் சாப்பிட்டார். ஆளும் அதற்கேற்றபடி ஆகிவிட்டார்.

வயிற்றில் பாதியை வெட்டி எடுக்காவிட்டால் புண் ஒருநாள் வெடித்துவிடும் என்றார் டொக்டர். ஆனால் இந்த உடம்புக்கு மயக்க மருந்து கொடுக்கப் பயமாக இருக்கிறது, முதலில் முப்பது இறாத்தலாவது குறையட்டும் என்றும் சொன்னார். குறைப்பதற்கு முன் நிறுக்க வேண்டாமா? வார்ட் தராசில் போடியார் ஏறியதும் முள் கடைசிக்குப் போய் அப்படியே நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் சங்கக்கடைக்குக் கூட்டிப்போய் மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றினோம். அரிசிக்கு நின்ற சனமெல்லாம் அரிசியை மறந்து பார்த்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. போடியார் கோபிக்கவில்லை. தராசிலிருந்து மெல்ல இறங்கி, சாறனைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

“இவ்வளவு காலமும் நெல்லைத்தான் தராசில ஏத்தின நான். இண்டைக்கு அந்த நெல்லைத் திண்ட வகுறு ஏறி இறங்கியிரிக்கு.”

வெறுங்கையோடு வராதவர்கள்

போடியாருக்கு அரை டயட். அதிலும் பாதி என்று வார்ட் நர்ஸ் மிஸி அட்டையில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். காலையில் ஒரு துண்டுப் பாண், சீனி இல்லாத தேத்தண்ணி. மத்தியானம் ஒரு சிறங்கைச் சோறு, அவித்த கீரை. எரிச்சலுக்கு இடையிடையே வெள்ளை மருந்தும் ஆடை எடுத்த பாலும். இதை மீறி ஒன்றும் உள்ளே போகாமல் பார்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. அதுவும் போடியாரைப் பார்க்க! வயலைப் பார்க்கிற முல்லைக்காரர் எருமைத் தயிரைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வருவார். சொந்தக்காரர்கள் தொதல், வட்டிலப்பம், பொரித்த கோழி என்று வருவார்கள். எல்லாவற்றையும் வாசலிலேயே மறித்தேன். திருப்பிக் கொடுத்தால் மனம் நோகுமே என்று வாங்கிவைத்துக்கொண்டேன். வாங்கிவைத்தது எங்கே போனது என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். குசினிக்காரரும் நானும் அந்த மாதத்தில் கொஞ்சம் சதை போட்டோம்.

ஒருநாள் வட்டிலப்பத்தை முடித்துவிட்டு வந்து போடியாரின் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தேன். அவர் கண்ணை மூடி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். ஏலக்காய் வாசனை என் விரலில் இருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

“தம்பி, கையக் கழுவிப்போட்டு வந்து என்னைக் காவல் காருங்க.”

மெலிந்த பக்கத்துக் கட்டில்

அடுத்த கட்டிலில் பெரியநீலாவணைக் கணபதிப்பிள்ளை. மீன்பிடிக்கிறவர், தோணி ஏற்றும்போது கால் முறிந்து வந்தவர். அவருக்கு முழு டயட். மூன்று கிழமையில் கால் தேறிவந்தது, ஆள் தேறவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. டொக்டர் இரத்தம் சோதித்தார், நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை.

பிறகுதான் பார்த்தோம். கணபதிப்பிள்ளை தட்டை வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி இரண்டு வாய் வைத்துவிட்டு, மிச்சத்தை மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுகிறார். பசித்த மனிதன் பார்த்துக்கொண்டிருக்கத் தனக்கு இறங்குவதில்லை என்றார். அவருடைய கட்டிலை வார்டின் மறுகோடிக்கு மாற்றினோம். அவர் பக்கத்தில் இருந்தவரை போடியாருக்குப் பேச்சுத் துணையாவது இருந்தது. மாற்றிய பிறகு அதுவும் இல்லை. அப்போது எனக்கு அது தோன்றவில்லை. மிஸி மட்டும் அட்டையைத் திருத்திக்கொண்டே சொன்னார்:

“ஒருத்தருக்கு அரை டயட் எழுதினா ரெண்டு பேர் மெலியிற வார்ட் இது ஒண்டுதான்.”

என்ன நிய்யத்து?

ஆறாவது கிழமை முப்பது இறாத்தலும் இறங்கிவிட்டது. ஓப்பரேசனுக்கு நாள் குறித்தார்கள். முதல் நாள் பின்னேரத்திலிருந்து வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது, தண்ணீர்கூட. அட்டையில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதித் தொங்கவிட்டேன். காலையில் தியேட்டருக்குக் கொண்டுபோக வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனபோது போடியார் உதடு வெடித்து, மேல்முகட்டைப் பார்த்தபடி கிடந்தார்.

“தம்பி, நோன்பெண்டா நிய்யத்து ஒண்டு இரிக்கு. இன்னாருக்காகப் பசி கிடக்கிறன் எண்டு நினைச்சாப் பசி தெரியாது. இந்தப் பசிக்கு என்ன நிய்யத்து வெக்கிற?” என்று கேட்டார். நான் அறிவாளி இல்லை. அவரை மூத்தவர் முறையில் ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவேன்; வாயில் வந்ததைச் சொன்னேன்: “மகள்ட கலியாணக் காவினைக் கண்ணால பாக்கிறதுக்கு எண்டு வெச்சுக்கொள்ளுங்க காக்கா.” அவரை வண்டிலில் ஏற்றித் தள்ளினேன். தியேட்டர் வாசலில் என் கையைப் பிடித்துச் சொன்னார்:

“ஓம், அது மெய்தான். அந்த நிய்யத்தெண்டா இன்னும் எத்தினை நாளும் கிடப்பன்.”

தேத்தண்ணிக் கோப்பை

அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தார். பாதி வயிறு போய்விட்டது. இனிமேல் ஒரு நாளைக்கு ஆறு தரம், ஒவ்வொரு தரமும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, சாப்பிட்டதும் சாய்ந்து படுக்க வேண்டும். அளவு தாண்டினால் நெஞ்சு படபடத்து, வியர்த்து, கண் இருண்டு விழுவார் என்று டொக்டர் என்னையும் அவரையும் ஒன்றாக வைத்துச் சொன்னார். வாந்தி வந்தால் தையல் தாங்காது என்றும் சொன்னார். நான் அதை மறந்துவிட்டேன் என்று இன்று சொல்ல முடியாது.

கஞ்சிக் கோப்பையை நான்தான் கொடுப்பேன். மூன்று கரண்டியில் போதும் என்று கையைக் காட்டுவார். ஆனால் கண் மட்டும் கோப்பையை விட்டு அசையாது. நான் குசினிப் பக்கம் கொண்டுபோகும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். ஓப்பரேசனுக்கு முன்னால் இருந்த பசிக்கு ஒரு முடிவு இருந்தது. இந்தப் பசிக்கு இல்லை. நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். அவர் சிரித்தார்:

“வகுறு போதுமெண்டு சொல்லுது தம்பி. வாய்க்குத்தான் இன்னும் சங்கதி தெரியாது.”

சகன்

கலியாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில் சில நாள் முன்புதான் வீட்டுக்குப் போயிருந்த போடியாரே வார்டுக்கு வந்து என்னை அழைத்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு விஷயம் கேட்டார்.

எங்கள் ஊர்க் கலியாணத்தில் சகனில் சாப்பாடு. ஒரு பெரிய தட்டில் சோறும் கறியும் வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் வாப்பாவோடு ஒரே சகனில் இருக்க வேண்டும். இருக்காவிட்டால் இந்தச் சம்பந்தத்தில் மனக்குறை என்று ஊர் கதைக்கும். இருந்துவிட்டு நடுவில் கையை எடுக்கவும் முடியாது. வீட்டுக்காரர் கையை எடுத்தால் மரியாதைக்கு மற்ற ஐந்து பேரும் எடுத்துவிடுவார்கள். விருந்தாளி அரைவயிற்றோடு எழும்புவார். “நான் சும்மா சோத்தத் தடவிக்கொண்டு இரிக்கிறன். ஆனா ஆசை என்னை ஏமாத்திரும். நீங்க பக்கத்தில இருந்து மூணு வாய்க்குப் பிறகு கண்ணைக் காட்டுங்க, அதோட நிப்பாட்டுறன்” என்றார். டொக்டரிடம் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் வேண்டாம் என்றிருப்பார். நான் கேட்கவில்லை. போடியார் வீட்டில் முதல் சகனில் இருக்க எனக்கும் ஆசையாக இருந்தது.

அன்று காலை எனக்கு வேலை. ஒரு விபத்துக் கேஸ் வந்து, காலைச் சாப்பாடும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை. நேரே கலியாண வீட்டுக்கு ஓடினேன். காவின் முடிந்தது. போடியார் அழுதார், எனக்கும் கண் கலங்கியது. படிக்கமும் கெண்டியும் வந்தன, கை கழுவினோம். சகனின் மூடியைத் திறந்தார்கள். நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி. பிஸ்மி சொல்லி நான் கையை வைத்தேன்.

அதன் பிறகு நடந்ததை எனக்கு மற்றவர்கள்தான் சொன்னார்கள். ஏனென்றால் நான் நிமிரவே இல்லை. சம்பந்தி அன்போடு இறைச்சியைப் பிய்த்துப் பிய்த்துப் போடியாரின் பக்கம் தள்ளினாராம். தள்ளியதைச் சாப்பிடாமல் விடுவது மரியாதை இல்லை. போடியார் மூன்று வாய் சாப்பிட்டு என்னைப் பார்த்தாராம். இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டுப் பார்த்தாராம். நான் ஒரு எலும்போடு இருந்தேன். அவர் தோள் என் மேல் சரிந்தபோதுதான் தலையைத் தூக்கினேன். சட்டை முழுக்க வியர்வை, உதடு வெள்ளை. தூக்கி வெளியே கொண்டுபோவதற்குள் ஓங்காளித்து வாந்தி எடுத்தார். வயிற்றுத் தையல் விட்டுவிட்டது.

வீடே எழும்பி நின்றது. சோற்றில் ஏதோ பிழை என்று யாரோ சொல்ல, மற்றச் சகன்களிலும் கையை எடுத்துவிட்டார்கள். காரில் ஏற்றும்போது சம்பந்தி என்னைப் பிடித்துக் கேட்டார். அந்த மனிதருக்குச் சாப்பாட்டு அளவு பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

“நீங்கதானே ஆஸ்பத்திரி ஆள்? பக்கத்திலதானே இருந்தீங்க?”

பதினேழாம் கட்டில்

மறுபடி தைத்தார்கள். இரண்டு மாதம் கிடந்தார். உயிர் தப்பியது. ஆனால் வயிறு பழையபடி ஒட்டவில்லை. இனி யாரோடும் சேர்ந்து சாப்பிட விடவேண்டாம், தனியாக இருத்தி அளந்து கொடுங்கள் என்று டொக்டர் சகீனாவிடம் சொல்லிவிட்டார். புது மருமகன் ஒரு நாளும் மாமனாரோடு ஒரு சகனில் இருக்கவில்லை. முன்னறையில் ஆண்கள் எல்லோரும் சாப்பிடுவார்கள். போடியார் உள்ளறையில் கோப்பையோடு இருப்பார். அந்த மனிதர் பசியை இரண்டு மாதம் கட்டி ஆண்டது இதற்காக அல்ல. இதைச் செய்தவன் நான். வேறு யார் மேலும் போட எனக்கு மனமில்லை.

அவர் வார்டில் இருந்தபோது பல நாள் அவருடைய கட்டிலைச் சுற்றியே போனேன். பதினேழாம் கட்டில். கோப்பையை மிஸியிடம் கொடுத்து அனுப்பினேன். கடைசியில் ஒருநாள் அவரே கூப்பிட்டார். நான் காலடியில் நின்று, “காக்கா, நான் நிமிர்ந்து பாக்கல்ல. ஒரு தரம் என்னைத் தட்டியிருக்கலாமே, கைய எடுத்திருக்கலாமே” என்று அழுதுவிட்டேன். மன்னிப்புக் கேட்க வந்தவன் அவர் மேல் குறை சொல்கிறேன் என்பதுகூட எனக்கு விளங்கவில்லை. போடியார் என்னை உட்காரச் சொன்னார்.

“தட்டத்தான் நினைச்சன் தம்பி. ஆனா நீங்க சாப்பிட்டதப் பாத்தன். காலையில இருந்து ஒண்டும் திண்ணல்ல எண்டு விளங்கிற்று. நான் கைய எடுத்தா நீங்களும் எடுத்திருவீங்களே.”

இருபத்தாறு வருஷம் அரசாங்கச் சோற்றை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்துப் பென்சனும் வாங்குகிறேன், யாருக்கு எவ்வளவு பசி என்று ஒரு நாளாவது சரியாகப் பார்த்தேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.