ஓரகத்தியின் வீராங்கனை

விஜயபுரத்தில் வாழ்க்கைப்பட்ட வீட்டில் கல்பனாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது கடலைக் கொல்லையும் இல்லை, அடுப்படியும் இல்லை, டிவிதான். கொழுந்தன் பரணி வாங்கி வைத்திருந்த ‘ரிங் ராஜா’ என்ற மல்யுத்த கேமில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. எதிராளி கழுத்தைப் பிடிக்க வரும் நொடியில் பட்டனைத் தட்டிப் பிடியைத் திருப்பி, அவனையே தூக்கித் தரையில் அடிப்பாள். மாமியார் பொன்னியம்மாள் வெற்றிலை மென்றபடி, “அப்டித்தான், போடுடீ அவன!” என்று கத்துவாள்.

பிறகு பரணியைக் கட்டிக்கொண்டு ரக்ஷிதா வந்தாள். புத்தூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஸ்கூட்டரில் போய் வருவாள். அவள் திரும்பி வந்ததும் மாமியார், “துன்னியாம்மா?” என்று கேட்பாள். கல்பனாவை அப்படி யாரும் கேட்டதில்லை. அதை அவள் பொறுத்துக்கொண்டாள். சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தால் ஓரகத்தியை அடித்துப் போட்டுவிடலாம் அல்லவா?

அந்தச் சமயத்தில்தான் பரணி திருப்பதியிலிருந்து ‘ரிங் ராஜா’ இரண்டாம் பாகத்தை வாங்கி வந்தான். வீடே ஆவலாகக் கூடியது. போட்டுப் பார்த்தால், வீரர்களின் கால் முழங்கால்வரை மேடைக்குள் புதைந்தது. கூட்டத்தின் கூச்சல் பாதியில் செத்துப்போனது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிடியைத் திருப்பும் வித்தையையே எடுத்துவிட்டிருந்தார்கள். கண்ட பட்டனைக் கண்டபடி அமுக்குகிறவர்களுக்கே வெற்றி. ரக்ஷிதா அமுக்கினாள்; ஜெயித்தாள்.

அதில் உருப்படியாக இருந்தது ஒன்றுதான்: நமக்குப் பிடித்த ஆளை நாமே உருவாக்கலாம். ரக்ஷிதா நீலப் பாவாடை, ஒற்றைப் பின்னல், மூக்குத்தியோடு ஒருத்தியைச் செதுக்கிச் செதுக்கிச் செய்தாள்.

“நம்ம வூட்டுப் பொண்ணு மாரியே கீறா!” என்று பொன்னியம்மாள் பூரித்தாள்.

“இதெல்லாம் ஒரு ஆட்டமா? சும்மா அமுக்கினாலே ஜெயிக்குது” என்றாள் கல்பனா.

“தோத்தவங்க அப்டித்தான் சொல்லுவாங்க” என்றாள் மாமியார்.

கல்பனா சொன்னது உண்மைதான். வயிற்றெரிச்சலில் சொன்னதும் உண்மை. அதனால் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலை வீட்டில் யாரும் இல்லாதபோது கல்பனா டிவியைப் போட்டாள். நீலப் பாவாடைக்காரி இடுப்பில் கைவைத்துத் திரையில் நின்றாள். அவளை அழிக்கலாமா என்று கேம் கேட்டது. கல்பனா ஆமாம் என்று அமுக்கினாள். அன்று சோறு ருசியாக இறங்கியது.

மாலையில் ரக்ஷிதா தேடித் தேடிப் பார்த்தாள். “இந்த தரித்திரம் புடிச்ச கேமே முழுங்கிடிச்சி!” என்று பரணி திட்டினான். எல்லோரும் கேமையே திட்டினார்கள். கல்பனாமேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ரக்ஷிதா பெருமூச்சு விட்டாள். “போனீலே, போனாப் போவுது. அக்கா, பழச போடு. அதுல நீ ஆடறத பாத்தா எனக்கு வயிறு எரியும், தெரியுமா? ஒரு நாளாச்சும் அப்டி ஆடணும்னு நெனச்சிக்கினே இருப்பேன்.”

தன்னால் ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்ல முடியாததை இவள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாளே என்று கல்பனாவுக்கு முகம் சுண்டியது.

“கேம் முழுங்கல. நான்தான் அழிச்சேன்” என்றாள்.

ரக்ஷிதா எழுந்து உள்ளே போய்விட்டாள். ஸ்கூட்டர் வரும், போகும். பேச்சு மட்டும் இல்லை. பொன்னியம்மாளும் மூத்த மருமகளுக்கு முகம் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரக்ஷிதா அதே உருப்படாத இரண்டாம் பாகத்தைப் போட்டு, வெகுநேரம் எதையோ செய்துகொண்டிருந்தாள். பிறகு, “அக்கா, இங்க வா” என்று கூப்பிட்டாள். திரையில் கல்பனா நின்றாள். அகன்ற நெற்றி, தூக்கிச் செருகிய சேலை, வெயிலில் கறுத்த கைகள், கோபம் வந்தால் இறுகும் அதே தாடை. எதிரே ஒரு ராட்சசன்.

“இப்ப பாரு” என்ற ரக்ஷிதா, ராட்சசனை ஏவித் திரைக் கல்பனாவைப் புரட்டி எடுத்தாள். பொன்னியம்மாள் சிரித்துப் புரையேறினாள். கால் மேடைக்குள் புதைய அடி வாங்கும் தன்னைப் பார்த்துக் கல்பனாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“திருப்தியா?” என்று கேட்டாள் கல்பனா.

“இன்னும் இல்ல. நாளைக்கும் கீது உனக்கு.”

கல்பனா திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. தாடையைக்கூட விடாமல் பார்த்து வைத்திருக்கிறாளே! தான் செய்ய உட்கார்ந்தால் ரக்ஷிதாவின் மூக்குகூடச் சரியாக வராது என்று தோன்றியது. மறுபடியும் வயிறு எரிந்தது.