நாற்பத்தேழாம் கட்டை

1971 அக்டோபர் 4. வெப்பம் 18. ஈரப்பதம் 54. பத்து நிமிடம்.
1977 நவம்பர் 21. வாசிக்கவில்லை. அடக்கம்.
1979 ஜனவரி 8. வெப்பம் 4. ஈரப்பதம் 38. வாசிக்கவில்லை. குளிர்.
1979 ஜனவரி 15. வெப்பம் 9. ஈரப்பதம் 41. பத்து நிமிடம்.
1989 நவம்பர் 13. வெப்பம் 17. ஈரப்பதம் 52. பத்து நிமிடம்.
1997 செப்டம்பர் 15. வெப்பம் 19. ஈரப்பதம் 55. பத்து நிமிடம்.

எல்லாம் திங்கட்கிழமைகள். கிழக்கு ஜெர்மனியின் அல்டென்ரோடாவில் ஃபெர்டினாண்ட் ஹோல்ட்ஹாவுஸ் என்ற இசையமைப்பாளர் வாழ்ந்து மறைந்த வீட்டைப் பார்க்க, திங்கள் தவிர மற்ற நாட்களில் ஆட்கள் வரலாம். திங்களன்று கதவு பூட்டியிருக்கும். உள்ளே ரோஸ்வித்தா கேகல் மட்டும் இருப்பார். சீட்டு கொடுப்பதும் தரை துடைப்பதும் அவர் வேலை. மாடியில் ஹோல்ட்ஹாவுஸின் சொந்தப் பியானோ நின்றது. சும்மா விட்டால் அதன் உள்பாகங்கள் இறுகிப்போகும் என்பதால், வாரம் பத்து நிமிடம் யாராவது வாசிக்க வேண்டும் என்று பழைய நிர்வாகி விதி போட்டிருந்தார். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவரின் மகள் என்பதால் அந்த வேலையும் ரோஸ்வித்தாவிடம் வந்தது.

மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைப்பார். அளவுமானிகளைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். பிறகு ஹோல்ட்ஹாவுஸின் நான்காம் மாலைப் பாட்டு. அதன் வேகமான நடுப்பகுதி அவர் விரலுக்கு எட்டாது. அதை விட்டுவிட்டு முதலையும் கடைசியையும் வாசிப்பார். கடைசி வரியில் ஒரே சுரம் ஏழு முறை வரும். இடமிருந்து எண்ணினால் அது நாற்பத்தேழாம் கட்டை. ஏழாவது முறை ஒலித்து அடங்கும்வரை விரலை எடுக்க மாட்டார். பிறகு மூடி, பூட்டு, நோட்டுப் புத்தகம்.

இருபத்தாறு ஆண்டுகளில் ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்தைந்து திங்கட்கிழமைகள். பதினொன்று விட்டுப்போனவை, அவற்றுக்குக் காரணம் எழுதியிருக்கிறது. மிச்சத்தைக் கூட்டினால் இருநூற்று இருபத்து நான்கு மணி நேரம். அதாவது ஒன்பது நாளும் எட்டு மணி நேரமும். கணவர் குனோ பனிச் சாலையில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி இறந்துபோன பிறகு, வாரத்தில் ரோஸ்வித்தா யாருக்காவது காத்திருந்தார் என்றால் இந்தப் பத்து நிமிடத்துக்குத்தான். மற்ற நாட்களில் வீட்டில் ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு முட்டை.

அந்த நோட்டில் ஒரே ஒரு விஷயம் எழுதப்படவில்லை.

1979 புத்தாண்டுக் குளிரில் ஊரே உறைந்தது; மின்சாரம் நின்றது, நிலக்கரி வரவில்லை. ஜனவரி 8 அன்று பியானோவைத் திறந்தபோது நாற்பத்தேழாம் கட்டையின் சுத்தியில் ஒட்டியிருந்த தோல், பசை காய்ந்து உதிர்ந்து தூளாகக் கிடந்தது. அந்தக் காலத்துப் பியானோக்களில் கம்பியைத் தட்டும் சுத்திக்கு மான்தோல்தான் போர்த்துவார்கள். மேலிடத்துக்கு எழுதினால் வண்டி வந்து பியானோவைப் பெர்லினுக்கு ஏற்றிப்போகும். பக்கத்து ஊரில் அப்படிப் போன ஒரு பழைய ஆர்கன் ஆறு வருடமாகத் திரும்பவில்லை. ரோஸ்வித்தா வீட்டுக்குப் போனார். குனோவின் மோட்டார் சைக்கிள் கையுறைகள் கொக்கியில் தொங்கின. அவையும் மான்தோல். கட்டைவிரலின் உள்பக்கம் பிடித்துப் பிடித்து வெண்ணெய் மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது. அங்கே கத்தரித்து, எலும்புப் பசை காய்ச்சி ஒட்டினார். அடுத்த திங்கள் வாசித்தபோது அந்தச் சுரம் மட்டும் மற்றவற்றைவிட அடங்கி, கதவுக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்பதுபோல் வந்தது. அவர் அதை மாற்றவில்லை.

1997 செப்டம்பர் 15 அன்று, வீட்டைப் புதிதாக எடுத்துக்கொண்ட அறக்கட்டளையிலிருந்து டாக்டர் அன்ஸ்கார் தீலே வந்தார். பழைய வாத்தியங்களில் நிபுணர். இனி இந்தப் பியானோவை வாசிக்க விடலாமா, தொடாமல் காட்சிக்கு வைக்கலாமா என்று முடிவு செய்யப்போகிறவர் அவர்தான். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து நான்காம் மாலைப் பாட்டை நடுப்பகுதியோடு முழுசாக வாசித்தார். கடைசி வரியில், மூன்றாவது முறை அந்தச் சுரம் வந்ததும் நிறுத்தினார்.

"கேட்டீங்களா?"

"எதை, டாக்டர்?"

"இந்த ஒரு கட்டை மட்டும்! கையெழுத்துப் பிரதியில இந்த ஏழு சுரத்துக்கு மேல 'மூடிய குரலில்'னு எழுதியிருக்கார். எப்படி வாசிக்கிறதுன்னு நூறு வருஷமா அடிச்சுக்கிறாங்க. அவரே இந்தச் சுத்தியை மட்டும் மெத்துனு பண்ணி வச்சிருக்கார், கேகலம்மா! ரேடியோக்காரங்க இங்க எடுத்த ஒலிப்பதிவுல கேட்டப்பவே சந்தேகப்பட்டு ஒரு கட்டுரை எழுதிட்டேன்."

ரோஸ்வித்தா சன்னல் திரையைச் சரி செய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"உண்மையைச் சொல்லணும்னா, இதைப் பூட்டி வைக்கச் சொல்லத்தான் வந்தேன்," என்றார் தீலே. "வாசிச்சா தோல் தேயும். ஆனா அவர் கைபட்ட தோல் இன்னும் உயிரோட இருக்குன்னா, அதைப் பழக்கத்துல வச்சிருக்கணும். உங்க திங்கட்கிழமை அப்படியே இருக்கட்டும். நானே எழுதித் தர்றேன்." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இதுல மட்டும் ஒரு கையெழுத்து. உங்க காலத்துல எந்தப் பாகமும் மாத்தலைன்னு. சம்பிரதாயம்தான்."

"வீட்டுல வச்சுப் படிச்சுட்டு அனுப்புறேன்."

"நாலு வரிதானேம்மா."

"நாலு வரியையும் படிக்கணும்ல."

தீலே சிரித்துவிட்டுப் போனார். அன்றைய பத்து நிமிடத்தை அவரே வாசித்திருந்தார், ரோஸ்வித்தா வாசிக்கவில்லை. பத்து நிமிடம் என்று மட்டும் நோட்டில் எழுதினார்.

தாள் சமையலறை மேசையில் மூன்று வாரம் கிடந்தது. கீழ்வீட்டு குண்டுலா தபால்காரி. சாயங்காலம் படியேறி வந்து காப்பி குடிப்பவள்.

"என்னடி இது, இன்னும் இங்கயே கிடக்கு? பேனாவுல மை இல்லையா?"

"மை இருக்கு."

"அப்ப போடு. நாற்பது வருஷம் கட்சிக்காரனுங்க நம்மகிட்ட என்னென்னமோ தாள்ல கையெழுத்து வாங்கினானுங்க. எதையாவது படிச்சியா நீ?"

"அதெல்லாம் அவங்க தாள். இது பியானோ தாள்."

"உனக்கு அந்த மரப்பெட்டிதான் புருஷன்," என்று சொல்லிவிட்டு குண்டுலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரோஸ்வித்தா கோபப்படவில்லை. காப்பி ஆறுகிறது என்றார்.

கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை கிடைக்கும். ஆனால் தீலேயின் கட்டுரை புத்தகமாகும். வருகிறவர்கள் எல்லாரும் அந்தச் சுரத்தை ஹோல்ட்ஹாவுஸின் விரல் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். குனோவின் விரல் என்று தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான் இருப்பார். அவருக்கும் அறுபது ஆகப்போகிறது. இதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அக்டோபர் 6, திங்கட்கிழமை, வழக்கம்போல் வாசித்தார். வாசித்து முடித்து, 1979ஆம் ஆண்டு நோட்டை எடுத்து, ஜனவரி 15க்கு எதிரே விளிம்பில் எழுதினார்: "47ஆம் கட்டைச் சுத்திக்குப் புதுத் தோல். மோட்டார் சைக்கிள் கையுறை, வலது கை, கட்டைவிரல். ஒட்டியது நான். இது எழுதியது 6.10.1997." அந்தப் பக்கத்தின் நகலையும் கையெழுத்திடாத தாளையும், கட்டைவிரலில் ஓட்டை விழுந்த வலதுகைக் கையுறையையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினார்.

மூன்றாம் நாள் தொலைபேசி அடித்தது.

"கேகலம்மா, ஏன் இதை இப்பச் சொல்றீங்க?"

"நீங்க கையெழுத்து கேட்டீங்க, டாக்டர்."

"கட்டுரை அச்சுல ஏறிடுச்சு!"

"நிறுத்த முடியாதா?"

தீலே, சற்றே தணிந்த குரலில், "முடியும். அசிங்கமா இருக்கும், ஆனா முடியும்," என்றார். "நீங்க பேசாம இருந்திருந்தா உங்க திங்கட்கிழமை உங்களுக்கே இருந்திருக்கும். அது தெரியும்ல?"

"தெரியும்."

"இனிமே நான் பரிந்துரைக்க முடியாது. அறக்கட்டளைக் குழுதான் முடிவு பண்ணும்." தொண்டையைச் செருமினார். "அந்தக் கையுறை யாரோடது?"

"என் வீட்டுக்காரரோடது."

"ஓ," என்றார் தீலே.

குழுவின் பதில் வரும்வரை ரோஸ்வித்தாவை யாரும் தடுக்கவில்லை. இன்னும் ஐந்து திங்கட்கிழமைகள் வாசித்தார். கடைசி மூன்றில் மற்ற வரிகளை விட்டுவிட்டார். கடைசி வரியை மட்டும், பத்து நிமிடம் ஆகும்வரை திரும்பத் திரும்ப. குண்டுலா தினமும் படியடியில் நின்று, "இன்னைக்கும் ஒண்ணுமில்லடி, மின்கட்டண ரசீதுதான், வேணும்னா அதை வாசி," என்பாள். ஒருநாள் கேலி செய்யாமல் மேலே ஏறி வந்து, கவரைக் கையில் கொடுத்துவிட்டு, காப்பி கேட்காமல் இறங்கிப் போனாள்.

கடிதத்தில் மூன்று பத்திகள். ஹோல்ட்ஹாவுஸ் பியானோ இனி எவராலும் வாசிக்கப்படாது. திருமதி கேகல் திங்கட்கிழமைகளில் வெப்பமும் ஈரப்பதமும் மட்டும் தொடர்ந்து குறித்துவர வேண்டும். சுத்தியின் தோல் அகற்றப்படமாட்டாது. வாத்தியத்தின் வரலாற்றில் அதுவும் ஒரு பகுதி என்ற டாக்டர் தீலேயின் வாதத்தைக் குழு ஏற்றது. கையுறையோடு சேர்த்து அதற்கு 214/47 என்று பட்டியல் எண் தரப்பட்டிருக்கிறது. உரிமையாளர் பெயர் என்ற இடத்தை நிரப்பித் திருப்பி அனுப்பவும்.

ரோஸ்வித்தா பேனாவை எடுத்து, குனோ கேகல், லாரி ஓட்டுநர், 1934–1977 என்று எழுதினார். பிறகு கவரின் முதுகில், எல்லாக் கடிதத்துக்கும் எழுதுவதுபோல், வந்து சேர்ந்த நாளைக் குறித்தார்: 1997 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை.