இரண்டு டிக்கை எடுத்துவிட்டு நட்ட கல்

பிள்ளைகளே, அப்பா ஏன் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேட்டீர்கள். வேலையில் அலைச்சல் என்று சொல்லிவைத்தேன். அது பாதி உண்மைதான். மீதியை வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் சர்வேயர் படித்தவன். அதற்குமேல் படிக்கவில்லை. சங்கரன்கோவிலில் நான் வேலை பார்க்கும் ஆபீசில் நிலம் அளக்கும் கருவி இரண்டு பாகமாக இருக்கிறது. ஒன்றை இடம் தெரிந்த ஒரு புள்ளியில் முக்காலியில் நிறுத்திவிடுவோம். இன்னொன்றைக் கம்பின் உச்சியில் மாட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்போம். வானத்தில் போகிற செயற்கைக்கோள்களை இரண்டும் கேட்டு, நாம் நிற்கிற இடத்தை விரற்கடை சுத்தமாகச் சொல்லும். எந்த நாட்டுச் செயற்கைக்கோள்களைக் கேட்பது என்று நாம்தான் திரையில் டிக் போட வேண்டும். எங்கள் கருவி பழையது. அதில் மூன்றுதான்: அமெரிக்கா, ரஷ்யா, சீனா. மூன்றிலும் டிக் இருக்கும். நான் அதைத் தொடுவதே இல்லை.

குருவிகுளம் பக்கம் ஒரு கிராமத்தில் அண்ணன், தம்பி இருவருடைய கரிசல் காட்டுக்கும் நடுவில் இருந்த எல்லைக்கல் காணாமல் போயிருந்தது. என்னைக் கூப்பிட்டது தம்பி. அதனாலேயே அண்ணனுக்கு என்மேல் சந்தேகம். அவருடைய கிணறும் மோட்டார் ரூமும் எல்லையை ஒட்டித்தான் இருக்கின்றன. என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார்.

“இதென்னவே, மூணு கொடி போட்டிருக்கு?”

“மூணு நாட்டு சேட்டிலைட்டு அண்ணாச்சி. எல்லாத்தையும் சேத்துத்தான் பாக்கும்.”

“சீனாக்காரனா? நம்ம நாட்டு எல்லையிலயே எடம் புடிக்கப் பாக்குதவன், எங்காட்டுக்கு எல்லை சொல்லுவானாக்கும்! எடும்வே அத.”

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப ரஷ்யாக்காரன் என்ன, ஒனக்கு மச்சானாண்ணே?”

“அவனும் வேண்டாம். சண்ட போடுதவன் எவனும் வேண்டாம்.”

“அமெரிக்காக்காரன் மட்டும் பூப்பறிச்சிக்கிட்டு இருக்கானோ?”

“ஏலே, நீ வாயப் பொத்து. அளக்குதவரு எங்கிட்டப் பேசுதாரு.”

அந்தக் கருவியே சீனாவில் செய்ததுதான். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணன் கோபித்துக்கொண்டு போய்விட்டால், அளந்தது சரி என்று இருவரும் போட வேண்டிய கையெழுத்து தாளில் விழாது. கையெழுத்து விழாவிட்டால் வந்த வேலை வீண். இரண்டு டிக்கை எடுத்துவிட்டேன். அவர் முகம் தெளிந்தது.

கல் வர வேண்டிய இடம் கிணற்றடி வேப்பமரத்துக்குக் கீழே. பாதி வானத்தை மரம் மறைத்தது. கருவிக்குக் கிடைத்தது ஐந்தே ஐந்து அமெரிக்கச் செயற்கைக்கோள். வெகுநேரம் தடுமாறிவிட்டு, இடம் உறுதியாகிவிட்டது என்பதற்கு அடையாளமாகத் திரையில் ‘ஃபிக்ஸ்’ என்று பச்சை எழுத்து வந்தது. அப்படி வந்த பிறகு நாங்கள் ஒன்று செய்வோம். கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அது பிடித்ததை எல்லாம் விடச் செய்து, திரும்பவும் முதலிலிருந்து பிடிக்கவைப்போம். இரண்டு தடவையும் ஒரே இடம் வந்தால்தான் கல். அன்று நான் கவிழ்க்கவில்லை. மறுபடி அவ்வளவு நேரம் ஆனால் அண்ணன் என்ன ஆரம்பிப்பாரோ என்று கல்லை நட்டுவிட்டேன்.

கயிறு கட்டிப் பார்த்தால், மோட்டார் ரூமின் ஒரு சுவர் ஒன்றரை அடி தம்பி பக்கம் கிடந்தது. சண்டை வரும் என்று நினைத்தேன். அண்ணன் குத்தவைத்து உட்கார்ந்து கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாஞ் சொன்ன மாதிரிதான அளந்தீரு?”

“ஆமா அண்ணாச்சி.”

“அப்ப சரி. நாளைக்கு அந்தச் சுவர இடிச்சிருதேன். அடுத்தவன் மண்ணு எனக்கு எதுக்கு?”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் ஆபீசில் கம்ப்யூட்டரில் புள்ளிகளை ஏற்றும்போதுதான் உயரத்தைப் பார்த்தேன். அந்தக் காடு பாய் விரித்த மாதிரி தட்டையானது. பத்தடி தள்ளி எடுத்த புள்ளிக்கும் இந்தக் கல்லுக்கும் நாலடி உயர வித்தியாசம் காட்டியது. உயரம் பொய் என்றால் இடமும் பொய்.

ஆபீஸ் முதலாளியிடம் சொன்னேன்.

“ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சுல்லா? நீரா போயித் தப்புன்னு சொல்லி ஆபீசு பேரக் கெடுக்காதீரும்.”

“சுவர இடிக்கப் போறாரு அண்ணாச்சி.”

“இடிச்சா கட்டிக்கிடுவாரு.”

அண்ணனுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். கருவி இல்லாமல் வெறும் வாயால் சொன்னால் நம்புவாரா என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் முகத்தில் முழிக்கப் பயம்.

விடிந்ததும் கருவியோடு போனேன். அதற்குள் சுவர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. கடப்பாரை அவர் கையில்தான் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார். மூன்று நாட்டுக்கும் டிக் போட்டேன். அளந்தேன், கவிழ்த்தேன், மறுபடி அளந்தேன். இரண்டு தடவையும் ஒரே இடம். நான் நட்ட கல் பிசகு. அதைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நட்டேன். மோட்டார் ரூம் முழுக்க அவர் மண்ணில்தான் நின்றிருந்தது.

“நேத்து ஏன்வே அந்த ரெண்டையும் எடுத்தீரு?”

“நீங்க சொன்னீங்கன்னுதான் அண்ணாச்சி.”

“நான் ஆயிரஞ் சொல்லுவேன். எனக்கு என்ன தெரியும்? தெரிஞ்சவரு நீருல்லா? ஆவாதுன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார்.

எங்களைப் பார்த்துவிட்டுத் தம்பி தன் காட்டிலிருந்து வந்தார். கல் மாறியதைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அவருடைய ஒன்றரை அடி போனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, உடையாத செங்கல்லாகப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுக்கினேன். ஒட்டியிருந்த சிமெண்டைக் கொத்துக்கரண்டியால் தட்டித் தட்டி அடுக்கினோம். அண்ணன் என்னைப் போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. மத்தியானம் வரை அடுக்கியும் பாதிச் செங்கல்தான் தேறியது, மீதி உடைசல்.