உடைந்த ரம்பத்தில் இரண்டு கத்திகள்

இன்று காலை எங்கள் ஜெலுத்தோங் ஊர்த் தச்சுப் பட்டறையின் ஒரே ரம்பம் இரண்டாக உடைந்தது. ஜப்பான்காரன் வந்ததிலிருந்து கடைகளில் புது ரம்பம் கிடையாது. கணவரைச் சயாம் ரயில்பாதை போடும் வேலைக்குப் பிடித்துப் போனபின் பட்டறையை நான்தான் நடத்துகிறேன்.

பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன், "இனி பட்டறைய மூட வேண்டியதுதான்லா, தங்கச்சி," என்றார்.

"மூட மாட்டேண்ணே. கைப்பிடி இருக்கிற பாதி இன்னும் அறுக்கும்."

மற்றப் பாதியை அரத்தால் கீறி, ஒடித்து, பகலெல்லாம் கல்லில் தீட்டினேன். விரல் கிழிந்தும் விடவில்லை. மரவள்ளி சீவ இரண்டு நல்ல கத்திகள் ஆயின.

அண்ணனே ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு கூடை கிழங்கு கொடுத்தார். பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

உங்கள் வீட்டில் உடைந்த ரம்பம் கிடந்தால் சொல்லுங்கள். உடையாததென்றால் ஓடியே வருவேன்!