சன்னலோர பெஞ்சு

நூலக அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கிய எவனும் பேய்க்குப் பயந்ததாக எழுதி வைத்ததில்லை. அந்தக் குறையை நான் தீர்த்து வைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. மலை கிராமத்தில் ஒரு வாசகசாலை திறந்தால் ஜனங்கள் வருவார்களா என்பதுதான் என் ஆய்வு. கேள்வி சுலபம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். திருப்பத்தூரிலிருந்து இரண்டு அலமாரியையும் மூட்டை மூட்டையாகப் புத்தகங்களையும் பஸ்ஸின் கூரையில் கட்டி ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போனேன். காவலூர் தாண்டி, இறங்கி நடக்க வேண்டிய ஊர். ஒரு அம்மா தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே காலியாகக் கிடந்த மண்வீட்டைக் கொடுத்தார். குனிந்து நுழையும் வாசல், ஒரே அறை, சன்னலோரம் ஒரு பழைய பலாமர பெஞ்சு. வாசகர் அமர இருக்கை தயார் என்று சந்தோஷப்பட்டேன்.

புத்தகங்களுக்கு வகை எண் போட்டேன். அட்டை எழுதி இழுப்பறையில் அடுக்கினேன். திருப்பத்தூர் கடைத்தெருவில் சிவப்பு பெயிண்டில் எழுதி வாங்கிய பலகையை வாசலில் மாட்டினேன்: ‘அமைதி காக்கவும். உள்ளே பேசக் கூடாது.’ நூலகத்துக்குப் புத்தகம்கூட அப்புறம்தான், முதலில் அந்தப் பலகை என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஜனங்கள் வந்தார்கள். வாசல்வரை வந்தார்கள். பள்ளிக்கூடம் போன ஒருவர் பலகையைப் படித்துச் சொல்வார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு எல்லோரும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிவிடுவார்கள். தினமும் இதே கதை.

வகை எண்ணில் வரும் தசமப் புள்ளியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள் என்று முடிவு செய்து, எண்களை எல்லாம் சுருக்கினேன். சாமை, கேழ்வரகு பற்றிய புத்தகங்களை எலிக்குத் தேங்காய் வைப்பதுபோல வாசல் பக்கம் வைத்தேன். ஒருவரும் கால் வைக்கவில்லை. என் ஆய்வு நெறியாளர் மெட்ராஸிலிருந்து பொங்கல் கழித்து நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். வாசகர் இல்லையென்றால் தலைப்பை மாற்றிவிட வேண்டும், அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண். எனக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவரும் பட்டத்தைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் அந்த சன்னல். சாயங்காலம் அதற்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டு, கதவைப் பூட்டிவிட்டுப் போவேன். சாவி என் இடுப்பில். காலையில் திறந்து பார்த்தால் சன்னல் திறந்திருக்கும். காற்றுக்குத் தாழ்ப்பாள் நீக்கத் தெரியும் என்று நம்பத் தொடங்கினேன். அறிவியல் மனப்பான்மைக்கு வேறு வழி இல்லை.

ஒருநாள் வீட்டுக்கார அம்மாவிடம் சாதாரணமாகக் கேட்டேன்.

“அந்த சன்னலு சாத்தினா நிக்கவே மாட்டேங்குதுங்களே?”

“எங்கண்ணனுக்குக் காத்து வோணும் சாரு. எந்நேரமும் அந்த பெஞ்சுலதான் குந்திக்கினு இருக்கும்.”

“அப்படிங்களா. இப்ப எங்க இருக்காரு?”

“அங்கதான்.”

அவர் புளி கொட்டை எடுத்துக்கொண்டே சொன்னார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“புளியமரத்துலேர்ந்து வுழுந்துட்டாரு சாரு. தூக்கியாந்து அந்த பெஞ்சுலதான் கெடத்தினோம். போய் இன்னும் வருசம் திரும்பல.”

“ஏம்மா, அந்த வூட்டையா எனக்குக் குடுத்தீங்க?”

“சும்மா பூட்டிக் கெடந்தா அதுக்கும் பொழுது போவாதே. நாலு பேரு வந்து போனா தேவலைன்னு பாத்தேன். நீங்கதான் ஒருத்தரையும் உள்ள வுட மாட்டேன்றீங்க.”

கடைசி வார்த்தை என் காதில் விழுந்தது, மூளையில் விழவில்லை. மூளை அப்போது திருப்பத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தது.

ஆனாலும் போகவில்லை. தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பேய்க்குப் பயந்து வந்துவிட்டேன் என்று நெறியாளரிடம் சொல்வதைவிடப் பேயே தேவலை என்று பட்டது.

மறுநாள் மத்தியானமே பனி இறங்கிவிட்டது. வாசலுக்கு வெளியே உலகமே இல்லை. நான் உள்கோடி அலமாரியில் முகத்தைப் புதைத்துப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் பெஞ்சு கிறீச்சென்றது. ஆள் உட்கார்ந்தால் வரும் சத்தம்.

பழக்கம் பாருங்கள், அந்த நிலைமையிலும் கிசுகிசுப்பாகத்தான் கேட்டேன்: “யாருங்க?”

மறுபடி கிறீச். கால் நீட்டி வசதியாகச் சாய்ந்த சத்தம். எனக்கும் வாசலுக்கும் நடுவில் அந்த பெஞ்சு. திரும்பிப் பார்க்காமல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மலையே அதிரக் கத்தினேன்:

“ஐயா! நான்தாங்க! கொஞ்சம் வழி விடுங்க! போய்ட்டு வர்றேன்!”

கத்தியபடியே ஓடி, நிலைப்படியில் நெற்றியை மோதி, வெளியே போய் மண்ணில் உட்கார்ந்தேன். பனிக்குள்ளிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். சிரிக்கப் போகிறார்கள் என்று பார்த்தால், ஒருவரும் சிரிக்கவில்லை. முன்னால் நின்றவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் குனிந்தார்.

“அண்ணே, நாங்கதான் வர்றோம். கொஞ்சம் வழி வுடு!”

சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்தவர், “மாமா, நான்தான். தள்ளிக்க!” அவரும் போனார். எல்லோரும் போய் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துப் புரட்டத் தொடங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கார அம்மா என் நெற்றியில் மஞ்சள் வைத்துக்கொண்டே சொன்னார். “வருசம் திரும்பற வரைக்கும் கூப்புடாம நொழைய மாட்டோம் சாரு. தெரியாம அது மேல போய் இடிச்சிக்கினா இன்னா ஆவறது? நீங்க இன்னான்னா பேசவே கூடாதுன்னு பலகை மாட்டி வெச்சிட்டீங்க.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா!”

“நீங்க தெனம் பேசாமயே உள்ள போறீங்க, வர்றீங்க. படிச்சவரு, அதுக்கும் உங்களுக்கும் வேற ஏதோ ஏற்பாடு இருக்குதுன்னு நெனச்சிக்கினோம்.”

பலகையைக் கழற்றினேன். அம்மா அதை வாங்கிக்கொண்டு போய்க் கோழிக்கூடையை மூடினார். அதன்பிறகு என் வாசகசாலையைப்போல ஒரு சத்தமான வாசகசாலை தமிழ்நாட்டில் இருந்திருக்காது. ஒருவர் படிக்க, நாலு பேர் கேட்க, ஐந்தாமவர் அது தப்பு என்பார். நானும் தினம் காலையில் பூட்டைத் திறந்ததும், தொண்டையைச் செருமி, “ஐயா, நான்தாங்க” என்று சொல்லித்தான் நுழைந்தேன். சன்னல் திறந்துதான் இருந்தது. அந்த பெஞ்சில் மட்டும் யாரும் உட்காரவில்லை. இடம் போதாமல் தரையில் நெருக்கி உட்கார்ந்தபோதும் அது காலியாகவே கிடந்தது. நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

பொங்கல் கழித்து நெறியாளர் வந்தார். ஏற்றத்தில் நடந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர், உள்ளே கேட்ட கூச்சலில் முகம் சுளித்தார்.

“இது வாசகசாலையா, சந்தையா?”

“சார், நுழையறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டு...”

அவர் காதில் வாங்கவில்லை. விறுவிறுவென்று போய் சன்னலோர பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார்.

பேச்சு நின்றது. பக்கம் புரட்டுகிற சத்தம்கூட இல்லை. வெளியே கோழி கூவியது நன்றாகக் கேட்டது.

“ம். இதுதான் நூலகம்” என்றார், திருப்தியாக. என் குறிப்புகளை வாங்கிப் படிக்கத் தொடங்கினார். எனக்கு நெற்றியில் பழைய வீக்கம் துடித்தது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இல்லை, அவருக்குப் பக்கத்து இடத்தை.

இரண்டு பக்கம் படித்திருப்பார். தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பெஞ்சின் ஓரத்துக்குக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். பஸ்ஸில் பக்கத்தில் ஆள் வந்தால் நகருவோமே, அப்படி.

தரையிலிருந்த ஒருவர் மெல்ல மூச்சு விட்டார். பேச்சு மறுபடி தொடங்கியது.

ஆய்வை அவர் ஏற்றுக்கொண்டார். பட்டம் வந்தது, கல்யாணம் நடந்தது, ஒரு கல்லூரி நூலகத்துக்குத் தலைவனாகவும் ஆனேன். வாசகர் வராததற்கும் பிறகு வந்ததற்கும் காரணமாக ஆய்வேட்டில் ‘உள்ளூர்ச் சூழல்’ என்று எழுதினேன். நெறியாளர் அதை மட்டும் அடித்துத் திருத்தவில்லை.

அவர் மலைக்கு வந்த அன்று, பஸ்ஸுக்குத் திரும்பி நடந்தபோது அவரிடம் கேட்டேன், ஏன் சார் நகர்ந்து உட்கார்ந்தீங்க என்று.

“நானா? நகரலையேப்பா” என்றார்.