ஹெலிகாப்டருக்குக் கண் திறப்பு

நாளை திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்குக் காரைக்குடியில் எங்கள் பள்ளியின் போர் வெற்றி ஊர்வலம். முன்னால் போகவேண்டிய பன்னிரண்டடி மர ஹெலிகாப்டருக்குப் பச்சை வண்ணம் காய்ந்துவிட்டது.

முன்கண்ணாடி இரண்டும் மட்டும் இன்னும் வெறும் பலகை.

வண்ணம் பூசுபவர், கோயில் வாகனங்களுக்குப் பூசும் வேலு ஆசாரி.

“அதுதான் சார் இதுக்குக் கண்ணு. நாளைக்குக் காலையில ராகு காலம் முடிஞ்சு ஒம்பது மணிக்குத்தான் வரைஞ்சு திறப்பேன்.”

“இதென்ன குதிரை வாகனமா?” என்று கத்திவிட்டேன்.

அவர் பிரஷ்ஷைக் கழுவியபடியே சொன்னார்:

“ஒங்க தம்பி இதுமாதிரி வண்டியிலதான பறக்குறாக? சண்டை முடிஞ்சும் லெட்டர் வரலேன்னு சொன்னீக. குருட்டு வண்டியவா தெருவுல விடுவீக?”

நான் விஞ்ஞான ஆசிரியர். ஆனாலும், “சரி, ஒன்பதுக்கே திறங்க” என்றேன்.

ஊர்வலத்தை ஒன்பதரைக்குத் தள்ளிவைக்கத் தலைமையாசிரியரிடம் என்ன பொய் சொல்லலாம்? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.